கல்யாணத் தட்டும் படத் தட்டும்: லினக்ஸ் கணினியில் டிவிடி ஓடாதபோது காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களில், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே உள்ள இழுப்பறையைத் திறந்தால் இன்றும் இரண்டு வகை டிவிடி தட்டுகள் இருக்கும். ஒரு வகை, கடையில் காசு கொடுத்து வாங்கிய தமிழ்ப் படங்கள். மற்றொரு வகை, திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தைப்பூசக் காவடி ஆகியவற்றைப் படம் பிடித்தவர் பதிந்து கொடுத்தவை. வீட்டிலிருந்த டிவிடி பிளேயர் பழுதான பிறகு இவற்றைப் பார்க்கக் கணினியை விட்டால் வேறு வழியில்லை என்றாகிவிட்டது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, நல்ல நிலையில் இருந்த பழைய கணினிகளைத் தூக்கி எறிய மனமில்லாத பலர் அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ ஏற்றிக்கொண்டார்கள். அதன்பின் “தம்பி, தட்டு போட்டா ஓடமாட்டேங்குது” என்ற முறையீடு எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஓடவில்லை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் இருக்கின்றன. காரணம் தெரியாமல் லினக்ஸை அழித்து மறுபடி ஏற்றுவதும், தட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக் குப்பையில் போடுவதும் தேவையற்ற இழப்புகள். ஆகவே இங்கே பழுதை அதன் அறிகுறியிலிருந்து தேடிச் செல்கிறேன். கட்டளைகளை ஒலிப்பு முறையில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையம் எனப்படும் கட்டளைச் சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

முதல் வேலை: இரண்டு தட்டுகளையும் போட்டுப் பாருங்கள்

எந்தக் கட்டளையையும் தட்டுவதற்கு முன், ஒரு கல்யாணத் தட்டையும் ஒரு படத் தட்டையும் எடுத்து, அதே கணினியில், படம் ஓட்டும் அதே விஎல்சி மென்பொருளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். இச்சோதனை பயன்படுவதற்குக் காரணம், இவ்விரண்டு தட்டுகளும் உருவாகும் முறையே வேறு என்பதுதான். படத் தட்டு ஆலையில் அச்சிடப்படுகிறது. அதன் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும், நடுத்துளையை ஒட்டிய வளையத்தில் பட்டைக்குறியோ பொடி எண்களோ தெரியும், உள்ளே இருக்கும் படம் பெரும்பாலும் சிஎஸ்எஸ் எனப்படும் பூட்டுடன் வரும். கல்யாணத் தட்டு, வெற்றுத் தட்டில் லேசர் கொண்டு பதிந்தது; அடிப்பக்கம் ஊதா அல்லது நீலம் கலந்திருக்கும், அதற்குப் பூட்டு கிடையாது, ஆனால் அதில் உள்ள காட்சிகள் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக்கூடிய ஒரு சாயத்தில் பதிந்திருக்கின்றன.

எனவே கல்யாணத் தட்டு ஓடி, படத் தட்டு மட்டும் ஓடாவிட்டால், டிரைவும் கேபிளும் விஎல்சியும் நன்றாகவே இருக்கின்றன. பூட்டைத் திறக்கும் மென்பொருள்தான் இல்லை. படத் தட்டு ஓடி, கல்யாணத் தட்டு ஓடாவிட்டால், கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கவனம் முழுவதும் அந்தத் தட்டின் மீது இருக்க வேண்டும். இரண்டுமே ஓடாவிட்டால் டிரைவிலிருந்து தொடங்க வேண்டும். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய படத் தட்டுகளில் பல, வெற்றுத் தட்டில் நகலெடுத்தவை என்பதால் அவற்றில் பூட்டு இருப்பதில்லை. சோதனைக்கு, அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும் அச்சிட்ட தட்டையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் விடை தவறாகிவிடும்.

அறிகுறி: எந்தத் தட்டைப் போட்டாலும் கணினி கண்டுகொள்வதே இல்லை

முனையத்தைத் திறந்து எல்எஸ்பிஎல்கே என்று ஐந்து எழுத்துகளையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். கணினியோடு இணைந்துள்ள வட்டுகளின் பட்டியல் வரும். அதில் எஸ்ஆர்0 என்ற வரி இருந்தால், லினக்ஸ் டிரைவை அறிந்திருக்கிறது என்று பொருள். அந்த வரியே இல்லையென்றால், எந்த மென்பொருளை நிறுவினாலும் பயனில்லை. மேசைக் கணினியாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு டிரைவின் மின்கேபிளையும் சாட்டா கேபிளையும் கழற்றி மறுபடி இறுக்கிச் செருக வேண்டும்.

இப்போதெல்லாம் மடிக்கணினிகளில் டிரைவ் இல்லாததால் பெரும்பாலோர் யுஎஸ்பி டிரைவ் வாங்குகிறார்கள், அங்கேதான் சிக்கல் அதிகம். தட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் டிரைவின் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய அளவு 500 மில்லியாம்பியர், யுஎஸ்பி 3.0 துளைக்கு 900. கணினியின் மற்ற துளைகளில் விசைப்பலகையும் சுட்டியும் வெளி வன்தட்டும் தொங்கிக்கொண்டிருக்க, மின்சாரமே இல்லாத மலிவான ஹப் ஒன்றின் வழியாக டிரைவை இணைத்தால், தட்டு இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடும், மறுபடி சுற்றும், மறுபடி நிற்கும். இதை உறுதிசெய்ய, நிர்வாகி அனுமதியோடு கட்டளையை இயக்கும் சூடோ என்ற சொல்லில் தொடங்கி, டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டுக் குறுங்கோடும் டபிள்யூவும் இட்டு இயக்கிவிட்டு, அதன்பின் தட்டைப் போடுங்கள். கணினியின் கருநிரல் பேசுவதெல்லாம் அந்தத் திரையில் வரிவரியாக ஓடும். யுஎஸ்பி இணைப்பு திரும்பத் திரும்ப ரீசெட் ஆவதாக வரிகள் வந்தால் பழுது மின்சாரத்தில்தான் இருக்கிறது. ஹப்பை நீக்கி, மேசைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். இரண்டு தலை உள்ள கேபிள் என்றால் இரண்டையும் செருகுங்கள்.

எஸ்ஆர்0 வரி இருந்தும், விஎல்சி அதைத் திறக்க அனுமதி இல்லை என்று சொன்னால், உங்கள் பயனர் பெயர் சிடிரோம் என்ற குழுவில் இல்லாமல் இருக்கலாம். சூடோ, யூசர்மோட், குறுங்கோடு சிறிய ஏ பெரிய ஜி, சிடிரோம், பிறகு உங்கள் பயனர் பெயர் என்ற வரிசையில் ஒரு கட்டளையைக் கொடுத்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் போதும். இங்கு பெரிய ஜி ஒன்று மட்டும் ஆங்கிலப் பேரெழுத்து.

அறிகுறி: கல்யாணத் தட்டு ஓடுகிறது, படத் தட்டு ஓடவில்லை

அதிகம் பேரைத் தடுமாற வைப்பது இதுதான், ஏனென்றால் தட்டு நல்ல தட்டாகவே தெரிகிறது. கோப்பு மேலாளரில் திறந்தால் வீடியோ-டிஎஸ் என்ற கோப்புறை இருக்கிறது, அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்று முடியும் கோப்புகள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன, பெரிய விஓபி கோப்புகள் ஏறக்குறைய 1 ஜிபி அளவு காட்டுகின்றன. ஆனால் இயக்கினால் திறக்க முடியவில்லை என்கிறது. அல்லது முகப்புப் பட்டியல் மட்டும் அழகாக வந்து, படத்தைத் தொடங்கியதும் பச்சையும் சாம்பலுமாகக் கட்டங்கள் சிதறுகின்றன. பட்டியல் பகுதி பூட்டப்படாமலும் படம் பூட்டப்பட்டும் இருப்பதால்தான் இப்படி நேர்கிறது. விஎல்சியை முனையத்திலிருந்து இயக்கினால், மறையாக்கம் செய்த டிவிடிக்கான ஆதரவு இல்லை என்ற பொருளில் லிப்டிவிடிரீட் என்ற நூலகம் (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் துணை நிரல்) ஒரு வரி எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைக் கண்டாலே நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

டிவிடி விற்பனைக்கு வந்த 1996-ஆம் ஆண்டிலிருந்தே சிஎஸ்எஸ் பூட்டும் அதனுடன் வருகிறது. அதன் திறவுகோல் 40 பிட் நீளமே உள்ளது. உரிமம் பெற்ற பிளேயர்களுக்கு மட்டும் அத்திறவுகோல்கள் வழங்கப்பட்டன. லினக்ஸ் பயனர்கள் தாம் வாங்கிய தட்டைத் தம் கணினியில் பார்க்க வழியற்றிருந்த நிலையில், 1999-இல் டிசிஎஸ்எஸ் என்ற சிறிய நிரல் வெளிவந்தது. அதற்காக வழக்கைச் சந்தித்த நார்வே இளைஞர் யோன் லெக் யோகான்சன் 2003-இல் விடுவிக்கப்பட்டார். விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் குழுவினர் இதற்கிடையே லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நூலகத்தை எழுதினார்கள். அது உரிமம் எதுவும் இல்லாமலே பூட்டைத் திறக்கும். சட்டச் சிக்கல் கருதி உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகள் இதைத் தம் இயல்பான தொகுப்பில் தருவதில்லை. மலேசியாவிலும் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், தொழில்நுட்பப் பாதுகாப்பை மீறுவது குறித்துப் பேசுகிறது என்பதை அறிந்து வைத்திருங்கள். இங்கே நான் சொல்வது, காசு கொடுத்து வாங்கிய தட்டை வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். நகலெடுத்து விற்பதற்கு அன்று.

உபுண்டுவிலும் மின்டிலும் டெபியனிலும் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று எழுதி, அதனுடன் லிப்டிவிடி, குறுங்கோடு, பி, கே, ஜி என்ற எழுத்துகளை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். தொகுப்பே கிடைக்கவில்லை என்று சொன்னால், உபுண்டுவில் மல்டிவெர்ஸ் களஞ்சியமும் டெபியனில் கான்ட்ரிப் களஞ்சியமும் திறந்திருக்கவில்லை என்று பொருள். மென்பொருள் மூலங்கள் அமைப்பில் அவற்றைக் குறியிட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். இந்தத் தொகுப்பில் நூலகம் இல்லை என்பதை முக்கியமாக நினைவில் வையுங்கள். அது வீடியோலேன் தளத்திலிருந்து மூலநிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே தொகுத்து நிறுவும் ஒரு கருவி மட்டுமே. ஆகவே இரண்டாம் கட்டமாக, சூடோ, டிபிகேஜி குறுங்கோடு ரீகான்ஃபிகர், பிறகு அதே தொகுப்பின் பெயர் என்று கொடுக்க வேண்டும். நீல நிறத் திரையில் வரும் கேள்விகளுக்கு ஆம் என்று விடையளித்தால், மூலநிரலை இறக்குவதும் தொகுப்பதும் நடந்து முடியும்.

நிறுவியாகிவிட்டது, இருந்தும் ஓடவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் முதல் கட்டத்தோடு நின்றவர்கள். அல்லது இரண்டாம் கட்டத்தின் நடுவே இணைய இணைப்பு அறுந்தவர்கள். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள வீடுகளில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியே பலர் இருக்கிறார்கள், மாலை மழை பிடித்தால் அதுவும் தள்ளாடும். நூலகம் மிகச் சிறியது, ஆனால் அதைத் தொகுப்பதற்கான கருவிகளும் சேர்ந்து இறங்குவதால் தரவு கணிசமாகச் செலவாகும். எனவே வேலையை நல்ல இணைப்பு உள்ள இடத்தில், முடிந்தால் காலையில் செய்யுங்கள். இணைப்பு அறுந்திருந்தால் எதையும் நீக்க வேண்டாம். இரண்டாம் கட்டளையை மட்டும் மறுபடி இயக்கினால் போதும்.

ஃபெடோராவில் இந்நூலகம் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தின் டெயின்டட் என்ற பிரிவில் இருக்கிறது. ஆர்ச் லினக்ஸில் நேரடியாகவே கிடைக்கிறது.

நூலகம் முறையாக நிறுவப்பட்டும் விஎல்சி அதைக் காணாததுபோல் நடந்துகொண்டால், விஎல்சியை ஸ்னாப் வடிவிலோ ஃபிளாட்பேக் வடிவிலோ நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவ்வடிவங்கள் தமக்கென்று ஒரு வேலியிட்டு, தம் பெட்டிக்குள் இருக்கும் நூலகங்களையே பயன்படுத்தும். நீங்கள் கணினியில் வெளியே நிறுவியது அவற்றின் கண்ணில் படாது. உபுண்டுவின் மென்பொருள் கடையில் முதலில் வந்து நிற்பது பல வேளைகளில் ஸ்னாப் வடிவமாகவே இருக்கும். அதை நீக்கிவிட்டு, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி என்று முனையத்தில் நிறுவிக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. டிவிடிக்கு மட்டுமாவது இந்த வடிவமே தொல்லையற்றது.

அறிகுறி: சில படத் தட்டுகள் ஓடுகின்றன, சில ஓடவில்லை

பூட்டு திறக்கிறது, ஆனால் எல்லாத் தட்டுக்கும் அல்ல என்றால் வட்டார எண்ணை எண்ணிப் பார்க்க வேண்டும். டிவிடி உலகம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டதில் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா 3-ஆம் வட்டாரம், இந்தியா 5-ஆம் வட்டாரம், அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2. தமிழ்நாட்டிலிருந்து வந்த படத் தட்டுகளில் பல எல்லா வட்டாரத்துக்கும் பொருந்துமாறு விடப்பட்டவை, உறையின் பின்பக்கத்தில் உருண்டைக்குள் ஆல் என்றோ 0 என்றோ போட்டிருக்கும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் அனுப்பிய தட்டுகளில்தான் இந்தத் தடை எதிர்ப்படும்.

லிப்டிவிடிசிஎஸ்எஸ் பெரும்பாலும் வட்டார எண்ணைப் பொருட்படுத்தாது. ஆனால் 2000-ஆம் ஆண்டிலிருந்து வந்த டிரைவ்கள் தமக்குள்ளேயே வட்டார எண்ணை வைத்திருப்பவை. புதிதாக வாங்கிய சில டிரைவ்களில் அந்த எண் பதியப்படாமலே இருக்கும், அந்நிலையில் அவை திறவுகோலைத் தர மறுக்கும். ரீஜன்செட் என்ற சிறு கருவியை நிறுவி இயக்கினால் தற்போதைய நிலையைக் காட்டிவிட்டு, மாற்ற வேண்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்வியில் மிகுந்த நிதானம் வேண்டும். ஒரு டிரைவில் 5 முறை மட்டுமே எண்ணை மாற்றலாம். ஐந்தாவது முறை இட்டது நிரந்தரமாகிவிடும், லினக்ஸை அழித்து ஏற்றினாலும் அது மாறாது, ஏனெனில் எண் டிரைவின் உள்ளே இருக்கிறது. எண் பதியப்படாமல் இருந்தால் 3 என்று இடுங்கள். ஏற்கெனவே ஓர் எண் இருந்தால், ஒரேயொரு தட்டுக்காக அதை மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வேறு டிரைவ் ஒன்றில் அந்தத் தட்டைப் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: முகப்புப் பட்டியலிலேயே சுற்றுகிறது, படத்துக்குள் போகவில்லை

விஎல்சியில் கன்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்தினால் தட்டைத் திறக்கும் சாளரம் வரும். அதில் தட்டின் பட்டியல் வேண்டாம் என்பதற்கான ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் குறியிட்டு இயக்குங்கள். விளம்பரம், எச்சரிக்கை, முகப்பு அனைத்தையும் தாண்டி நேராகப் படத்துக்குப் போகும். சில தட்டுகளில் நகலெடுப்பதைத் தடுப்பதற்காகப் பொய்யான தலைப்புகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அப்போது எல்எஸ்டிவிடி என்ற கருவியை நிறுவி இயக்கினால், ஒவ்வொரு தலைப்பும் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் காட்டி, மிக நீளமானது எது என்று கடைசி வரியில் சொல்லிவிடும். இரண்டரை மணி நேரப் படம் எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரிந்தால், அதே சாளரத்தில் தலைப்புக்கான இடத்தில் அந்த எண்ணை இட்டு இயக்கலாம்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சிக்குகிறது

சிக்கும் இடம் நாளுக்கு நாள் மாறினால் டிரைவையோ மின்சாரத்தையோ சந்தேகிக்கலாம். எப்போதும் ஒரே காட்சியில் சிக்கினால் பழுது தட்டில் இருக்கிறது. தட்டின் எந்தப் பகுதியில் என்பதையும் சிக்கும் நேரமே சொல்லிவிடும். லேசர் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கிறது. 4.7 ஜிபி கொள்ளும் ஒற்றை அடுக்குத் தட்டில் படத்தின் இறுதிக்காட்சி விளிம்பை ஒட்டி இருக்கும். ஆகவே விளிம்பைப் பிடித்த கைரேகை உச்சக்கட்டத்தில் படத்தை நிறுத்தும். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டிலோ, லேசர் முதல் அடுக்கை விளிம்பு வரை படித்துவிட்டு, அங்கிருந்தே இரண்டாம் அடுக்குக்கு மாறி, நடுவை நோக்கித் திரும்பி வருகிறது. எனவே இடைவேளை வரும் வேளையில் படம் சிக்கினால், அழுக்கு இருப்பது விளிம்பில். அந்த இடத்தில் கண்ணிமைக்கும் நேரம் படம் நின்று தொடர்வது அடுக்கு மாறுவதால் நேர்வது, அது பழுதன்று. இரட்டை அடுக்குப் படங்கள் எல்லாமே பாதியோடு நின்று, ஒற்றை அடுக்குத் தட்டுகள் முழுமையாக ஓடினால், டிரைவின் லேசர் வலுவிழந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சுத்தம் செய்ய மெல்லிய பருத்தித் துணியும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட நீரும் போதும்; தின்னர், பெட்ரோல் போன்றவை தட்டின் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், ஒருபோதும் வட்டமாகத் துடைக்காதீர்கள். குறுக்கே விழும் கீறலைத் தட்டில் உள்ள பிழைதிருத்தும் ஏற்பாடு ஈடுகட்டிவிடும். தடத்தோடு ஒட்டி வட்டமாக விழும் கீறல் தொடர்ச்சியான காட்சிகளையே அழித்துவிடும்.

துடைத்த பிறகும் இலேசாகத் திக்கினால், விஎல்சியின் விரிவான அமைப்புகளில் உள்ளீடு என்ற பகுதியின் கீழ் தட்டுக்கான இடைச்சேமிப்பு 300 மில்லிநொடி என்று இருப்பதை 2000 ஆக்கிப் பாருங்கள். டிரைவ் ஒரு பகுதியை மறுபடி படிக்க முயலும் அந்தச் சிறு இடைவெளியில் படம் நிற்காமல் ஓடும்.

அறிகுறி: படம் ஓடுகிறது, காட்சியோ ஒலியோ சரியில்லை

கல்யாணக் காட்சிகளில் ஆட்கள் நகரும்போது விளிம்புகள் சீப்புப் பற்களைப்போல் பிரிந்து தெரிந்தால், பழைய கேமராக்கள் ஒரு காட்சியை இரண்டு பாதிகளாகப் பதிந்ததுதான் காரணம். விஎல்சியில் டி விசையை அழுத்தினால் அது சரியாகும். உருவங்கள் பக்கவாட்டில் இழுபட்டிருந்தால் ஏ விசையை அழுத்தி அளவை மாற்றுங்கள். பி விசை ஒலித்தடத்தையும் வி விசை வசன வரிகளையும் மாற்றும். டிவிடியின் வசன வரிகள் படங்களாகவே பதிந்திருப்பதால், மலாய் ஆனாலும் தமிழ் ஆனாலும் எழுத்துரு நிறுவத் தேவையில்லை. ஒலி மட்டும் வந்து திரை கருப்பாக இருந்தால், வன்பொருள் வழிக் காட்சி விரிப்பை அமைப்பில் நிறுத்திவிடுங்கள்; டிவிடியின் எம்பெக்-2 காட்சியைப் பழைய கணினியின் செயலியே எளிதாகக் கையாளும்.

படம் ஓடி ஒலியே வராவிட்டாலோ இரைச்சலாக வந்தாலோ, ஒலியமைப்பில் எஸ்பிடிஐஎஃப் வழியாக நேரடியாகக் கடத்துவது என்ற குறியை நீக்குங்கள். பாட்டு உரக்கவும் பேச்சு மெல்லவும் கேட்டால், ஆறு தடங்களாக வரும் ஒலியை ஸ்டீரியோவாக மாற்றி, ஒலியளவைச் சீர்செய்யும் வசதியையும் இயக்குங்கள்.

அறிகுறி: வீடியோ-டிஎஸ் கோப்புறையே இல்லை

உள்ளே எம்பெக்ஏவி என்ற கோப்புறையும் டிஏடி என்று முடியும் பெரிய கோப்பும் இருந்தால், உங்கள் கையில் இருப்பது டிவிடி அன்று. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மலேசியா முழுதும் விற்ற விசிடி. அந்தக் கோப்பை நேரடியாக நகலெடுக்கப் போனால் லினக்ஸ் படிப்புப் பிழை காட்டும், அதைக் கண்டு தட்டு கெட்டுவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். விஎல்சியின் தட்டுச் சாளரத்தில் விசிடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஓடும். டிவிடி-ஆர்டிஏவி என்ற கோப்புறை இருந்தால், அது வீட்டு ரெக்கார்டரிலோ கேமராவிலோ பதிந்த தட்டு. அதில் விஆர்ஓ என்று முடியும் கோப்பை விஎல்சியில் இழுத்துவிட்டால் போதும்.

அறிகுறி: படத் தட்டு ஓடுகிறது, கல்யாணத் தட்டு ஓடவில்லை

கடையில் வாங்கிய படம் கெட்டால் வேறொன்று கிடைக்கலாம். இந்தத் தட்டுக்கு மாற்றே கிடையாது. ஒரு முறை அக்கா ஒருவர் தம் திருமணத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மேற்பக்கத்தில் மணமக்கள் படம் அச்சிட்ட வட்டக் காகிதம் ஒட்டியிருந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் காகிதம் ஒரு பக்கம் உப்பி, சுருங்கி, தூக்கிக்கொண்டு நின்றது. டிரைவில் போட்டதும் அது வண்டு பறப்பதுபோல் இரைந்தது. ஒருபக்கம் எடை கூடினால் தட்டு சுழலும்போது அதிரும், லேசர் தடத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கும். அவர் காகிதத்தை உரித்துவிடலாமா என்று கேட்டார். உரிக்கவே கூடாது. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. காகிதத்தை இழுக்கும்போது மேல்தகடே பிரிந்து வந்துவிடக்கூடும். தூக்கிய பகுதியைத் தட்டின் மேல் மென்மையாக அமர்த்திவிட்டு, கீழே சொல்லும் முறையில் உடனடியாக நகலெடுப்பதே அதற்கு வழி.

அதற்கு முன், தட்டு பதிந்து முடிக்கப்பட்டதா என்று பாருங்கள். டிவிடி+ஆர்டபிள்யூ-டூல்ஸ் என்ற தொகுப்பில் உள்ள டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ கருவி, தட்டின் நிலை முழுமையானதா, இன்னும் சேர்க்கத்தக்கதா என்று ஒரு வரியில் சொல்லும். வீட்டு ரெக்கார்டரில் பதிந்துவிட்டு இறுதியாக்கம் செய்யாமல் எடுத்த தட்டு, பதிந்த அந்தக் கருவியைத் தவிர வேறெங்கும் பெரும்பாலும் ஓடாது. உறவினர் வீட்டில் அதே ரெக்கார்டர் இருந்தால், அதில் போட்டு இறுதியாக்கம் செய்தாலே சிக்கல் முடிந்துவிடும்.

முழுமையான தட்டுதான், ஆனால் சாயம் மங்கிவிட்டது என்றால், விஎல்சியில் திரும்பத் திரும்ப ஓட்டி அதை வதைக்காதீர்கள். ஜிடிடிரெஸ்க்யூ என்ற தொகுப்பை நிறுவுங்கள். கட்டளையின் பெயரில் முதல் ஜி இல்லை. கட்டளை இந்த வரிசையில் அமையும்: டிடிரெஸ்க்யூ; குறுங்கோடு என்; குறுங்கோடு பி; 2048; சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்ஆர்0; கல்யாணம் புள்ளி ஐஎஸ்ஓ; கல்யாணம் புள்ளி மேப். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள். அரைப்புள்ளிகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம். 2048 என்பது டிவிடியின் ஒரு பகுதியில் உள்ள பைட்டுகள். வன்தட்டில் 5 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். இக்கருவி முதல் சுற்றில் எளிதாகப் படிக்கும் பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, சிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், எவை விடுபட்டன என்பதை மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும். முடிந்ததும், குறுங்கோடு என் இருந்த இடத்தில் குறுங்கோடு டியும், குறுங்கோடு ஆர் உடன் 3 சேர்த்ததும் இட்டு, மற்றவற்றை அப்படியே வைத்து மறுபடி இயக்குங்கள். இம்முறை விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று மூன்று முறை முயலும். திரையில் மீட்ட அளவின் விழுக்காடு மெல்ல ஏறும். கடைசிச் சில பகுதிகளுக்கு மணிக்கணக்கில் ஆகலாம், அவசரப்பட்டு நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினாலும் மேப் கோப்பு இருக்கும்வரை விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

இந்த மேப் கோப்பின் உண்மையான பயன், வேறு டிரைவுக்கு மாறும்போதுதான் தெரியும். ஒரு டிரைவின் லேசருக்குப் படியாத பகுதி மற்றொன்றுக்குப் படியும். அந்த இரண்டு கோப்புகளையும் யுஎஸ்பி வன்தட்டில் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கணினியிலோ பழைய மேசைக் கணினியிலோ அதே கட்டளையைக் கொடுத்தால், ஏற்கெனவே மீட்டதைத் தொடாமல் மிச்சத்தை மட்டும் அது தேடும். பழைய மேசைக் கணினியின் தடித்த டிரைவ் கிடைத்தால் அதையே முதலில் நாடுங்கள். அதிரும் தட்டை அது மெலிந்த யுஎஸ்பி டிரைவை விட நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

தட்டின் முழு நகலாக மீட்ட ஐஎஸ்ஓ கோப்பை விஎல்சியில் நேரடியாகத் திறக்கலாம். தாலி கட்டும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாமல், விருந்து, மொய் எழுதும் இடம், வழியனுப்புதல் வரை முழுவதையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நூற்றுக்கு நூறு மீளாமல் போனாலும், விடுபட்ட இடங்களில் சில நொடி கட்டங்கள் சிதறுவதோடு சரி, மற்றவை ஓடும். அதன்பின் இரண்டு வேறு வன்தட்டுகளில் படியெடுத்து வையுங்கள். தட்டை எறிந்துவிடாமல், காகித உறையில் இட்டு, சுவரில் வெயில் படாத அறையில் நிமிர்த்தி வையுங்கள்.